சியேனா: 17 பேட்டைகளின் ஊருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஓவியர்களின் வண்ணப்பெட்டியில் 'பர்ன்ட் சியன்னா' என்று ஒரு செங்காவி நிறம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் சியேனா என்ற ஊரின் பெயர்தான் அது. ஊரும் ஏறக்குறைய அதே நிறம். சுவர், கூரை, சதுக்கத்தின் தரை எல்லாம் செங்கல்லும் ஓடும்தான்.

பெரும்பாலோர் ஃப்ளாரன்ஸிலிருந்து காலையில் வருகிறார்கள். சதுக்கத்தில் படம் எடுத்து, பேராலயத்துக்குள் ஒரு சுற்று சுற்றி, ஜெலாத்தோ சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். ஊர் அழகாக இருந்தது, மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்த தடவை மூன்று இரவு தங்கினேன். சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது ஏதோ ஒரு சந்தில் பையன்கள் முரசு பழகும் சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால், எட்டு வயதுப் பொடியன் ஒருவன் தன் உயரத்துக்கு ஒரு கொடியைச் சுழற்றி மேலே எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் தலையை ஆட்டி ஆட்டித் திருத்திக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நீங்களாவது சரியான இடத்தில் ஆரம்பியுங்கள்.

எப்போது போவது

ஊரின் பெரிய திருவிழா பாலியோ. சதுக்கத்தையே பந்தயத் திடலாக்கி நடத்தும் குதிரை ஓட்டம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலை 2, ஆகஸ்ட் 16. இரண்டுமே மாதாவின் பெயரில் நடப்பவை: ஜூலையில் ப்ரொவென்சானோ மாதா, ஆகஸ்டில் விண்ணேற்பு மாதா. தேதி வாரநாளைப் பார்த்து மாறாது. மழை பெய்தால் மட்டும் தள்ளிப்போகும். நகர மாளிகையின் சன்னலில் பச்சைக் கொடி தொங்கினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை என்று அர்த்தம்.

விழாதான் வேண்டும் என்றால் பல மாதம் முன்பே அறை எடுத்துவிடுங்கள். கூட்டமும் வெயிலும் ஆகாது, ஓவியமும் தெருவும் போதும் என்றால் செப்டம்பர் கடைசிதான் என் தேர்வு. பேராலயத்தின் பளிங்குத் தரை ஆண்டின் பெரும்பகுதி மூடியே கிடக்கும். பொதுவாக ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை திறந்து வைப்பார்கள். அந்த ஆண்டின் தேதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஃப்ளாரன்ஸ் வரை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சில வண்டிகளுக்கு எம்போலியில் மாற வேண்டும். விரைவுப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்.

நான் பஸ்ஸுக்கே ஓட்டுப் போடுவேன். பஸ் மேலே, பழைய ஊரின் விளிம்பிலேயே, கிராம்சி சதுக்கத்தில் இறக்கிவிடும் (ஆமாம், இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அதே அந்தோனியோ கிராம்சிதான்). ரயில் நிலையமோ குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறத் தேவையில்லை. எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் நுழைந்தால் நகரும் படிக்கட்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

காகித ரயில் டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருக்கிறதே என்று நான் ஜம்மென்று உட்கார்ந்திருந்து அபராதம் கட்டினேன். கார் எடுத்துப் போகிறவர்கள் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போகட்டும். அனுமதி இல்லாத கார் உள்ளே நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும், சில மாதம் கழித்து ரசீது வீடு தேடி வரும்.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊர் முழுக்கக் கல் பாவிய ஏற்ற இறக்கம்.

முதல் நாள்: சதுக்கத்துக்குப் போகாமல் பேட்டைக்குப் போங்கள்

சியேனாவின் பழைய ஊர் 17 'கொன்த்ராதா'க்களாகப் பிரிந்திருக்கிறது. நம் வார்த்தையில் பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இடைக்காலத்திலிருந்தே இருப்பவை, இன்றுள்ள எல்லைகளை 1729-இல் ஊரை ஆண்ட பவேரிய இளவரசி வியோலாந்தே வகுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பேட்டைக்கும் தனித் தேவாலயம், அருங்காட்சியகம், குதிரைலாயம், நீரூற்று, கொடி, பாட்டு, எல்லாம் உண்டு. குழந்தை பிறந்தால் தேவாலயத்தில் ஒரு ஞானஸ்நானம், பேட்டையின் நீரூற்றில் இன்னொன்று. கணவன் ஒரு பேட்டை, மனைவி இன்னொரு பேட்டை என்றால், பாலியோ நாட்களில் அவரவர் பிறந்த பேட்டையோடு சேர்ந்துகொள்வதும் உண்டு. தாய்வீட்டுக்குப் போவது மாதிரிதான்.

பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். கழுகு, ஓநாய், சிறுத்தை என்றால் சரி. கம்பளிப்புழு, நத்தை, ஆமை, வாத்து எல்லாம் குதிரைப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கின்றன. ஆமையும் நத்தையும் ஜென்மப் பகை! கோபுரப் பேட்டையின் சின்னம் முதுகில் கோபுரம் சுமக்கும் யானை. இன்னொரு பேட்டையின் பெயர் 'செல்வா'. நம்மூர்ப் பையன் பெயர் போல ஒலித்தாலும் இத்தாலியத்தில் காடு என்று பொருள். சின்னம் மரத்தடியில் நிற்கும் காண்டாமிருகம்.

ஒரு நடைவழி சொல்கிறேன். சான் தொமேனிகோ தேவாலயத்தில் தொடங்குங்கள். பெரிய செங்கல் பெட்டி போல இருக்கும். 1347-இல் இந்த ஊரில் சாயத்தொழிலாளி ஒருவரின் வீட்டில் பிறந்த புனித கத்தரீனாவின் தலை இங்கே பேழையில் இருக்கிறது. அவர் 1380-இல் இறந்தது ரோமில், உடலும் அங்கேதான். தலையை மட்டும் சொந்த ஊர் கொண்டுவந்துவிட்டது. அங்கிருந்து பள்ளத்தில் இறங்கினால் ஃபோந்தேபிராந்தா, கோட்டை போன்ற மூன்று வளைவுகள் கொண்ட பழைய நீரூற்று. ஆறு இல்லாத ஊர் இது. மலைக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் தொட்டி குடிக்க, அதில் வழிவது மாடு குதிரைக்கு, அதிலும் வழிவது துணி துவைக்க. இது வாத்துப் பேட்டை. கத்தரீனா வீடும் இங்கேதான்.

இனிமேல் சுவரைப் பார்த்து நடங்கள். வீட்டு மூலையில், ஆள் உயரத்துக்கு மேலே, சின்ன வில்லை ஒன்றில் வாத்து இருக்கும். ஏற்றத்தில் ஏறி ஒரு திருப்பம் திரும்பினால் வில்லையில் காண்டாமிருகம் வந்துவிடும். எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பேராலயத்தைத் தாண்டிப் போனால் ஆமை, அப்புறம் அலை, சதுக்கத்தின் பின்புறம் சலிகோத்தோ தெருவில் யானை. ஒரு மணி நேர நடையில் ஐந்து நாட்டு எல்லை கடந்த மாதிரி இருக்கும். பேட்டை அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆசை என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சும்மா கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை: கம்போவும் ஒன்பதின்மர் அறையும்

கம்போ சதுக்கத்துக்கு ஏதாவது ஒரு சந்து வழியாக நுழையுங்கள். இருட்டுச் சந்து முடியும் இடத்தில் சட்டென்று சிப்பி ஒன்று விரிந்து கிடப்பது போலத் தெரியும். செங்கல் தரையை வெள்ளைக் கற்கோடுகள் ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட 'ஒன்பதின்மர்' ஆட்சியின் அடையாளம் அது. தரை நகர மாளிகையை நோக்கிச் சரியும். மாலையில் ஊரே அந்தச் சரிவில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கும்.

மாஞ்சியா கோபுரத்துக்கு ஏறக்குறைய 400 படி, குறுகல். மாஞ்சியா என்பது முதல் மணியடிப்பவரின் பட்டப்பெயர். சம்பாதித்ததை எல்லாம் தின்றே தீர்த்தவர் என்று பொருள். சம்பளம் கொடுத்து மணியடிக்க வைத்தவரின் பெயர் நிலைக்கவில்லை, சாப்பாட்டுராமன் பெயர் நிலைத்துவிட்டது. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கோபுரத்தை விட்டுவிடலாம். ஆனால் அதே மாளிகைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்.

பெரிய கூடத்தில் சிமோனே மர்த்தினி 1315-இல் தீட்டிய 'மாதா சபை' சுவரோவியம். அதைத் தாண்டி ஒன்பதின்மர் கூடிய அறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். அவர்கள் தலையைத் தூக்கினால் கண்ணில் படும்படி மூன்று சுவர்களிலும் நல்லாட்சி, தீயாட்சி இரண்டையும் 1338-39-இல் எழுதி வைத்தவர் அம்ப்ரோஜோ லொரென்செத்தி.

சன்னலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிர்ச்சுவரில் இடது ஓரமாக நீதி. அவள் தராசிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்குகின்றன. கீழே உட்கார்ந்திருக்கும் ஒற்றுமை என்ற பெண் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்குகிறாள். அவள் மடியில் இருப்பதைக் கவனியுங்கள். தச்சரின் இழைப்புளி! மேடு பள்ளத்தைச் சீவிச் சமமாக்கும் கருவி. அவளிடமிருந்து அந்தக் கயிறு வரிசையாக நிற்கும் 24 குடிமக்களின் கை வழியாகப் போய், உயரத்தில் அமர்ந்திருக்கும் ஆட்சியாளரின் கையில் முடிகிறது. யாரும் யாரையும் கட்டவில்லை, எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வலது சுவரில் ஊர். செருப்புக் கடை, பாடம் எடுக்கும் ஆசிரியர், சாரத்தில் ஏறி வீடு கட்டுகிறவர்கள், தெருவில் கைகோத்து ஆடுகிறவர்கள். வாசலுக்கு வெளியே, வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட பன்றியை ஒருவன் ஓட்டி வருகிறான். 'சிந்தா செனேசே' என்ற அந்த இனம் இன்றும் இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளின் பட்டியலில் இருக்கிறது. வாசலுக்கு மேலே பாதுகாப்பு என்ற தேவதை பறக்கிறாள், கையில் தூக்குமரத்தோடு. ஆளும் தொங்குகிறான். நல்லாட்சியிலும் அது உண்டு என்பதை ஓவியர் மறைக்கவில்லை.

தீயாட்சிச் சுவர்தான் மிகவும் சிதைந்திருக்கிறது. கொம்பும் கோரைப்பல்லுமாகக் கொடுங்கோன்மை, காலடியில் கட்டுண்ட நீதி. அந்த ஊரில் வேலை நடக்கும் ஒரே பட்டறை ஆயுதம் செய்கிறவனுடையது. இதையெல்லாம் எழுதி முடித்துப் பத்து ஆண்டுக்குள், 1348-இல், பெருங்கொள்ளைநோய் ஊருக்குள் வந்தது. லொரென்செத்தியும் அதில்தான் போனார் என்று கருதுகிறார்கள். இந்த ஓர் அறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழுச் சுற்றுலாவினர் பத்து நிமிடத்தில் வந்து போவார்கள். அவர்கள் போனதும் அறை உங்களுடையது.

மதியம்: சாப்பாடு

ஒரு மணிக்கு முன்னால் போய் உட்காருங்கள். இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அப்புறம் இரவு ஏழரைதான். ஊர் உணவு 'பிச்சி', கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ். சைவர்கள் தக்காளியும் பூண்டும் போட்ட 'ஆல்யோனே' வகையைக் கேட்கலாம். 'சென்சா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். கரும் க்ரொஸ்தீனி என்று ரொட்டியில் தடவி வருவது ஈரல். பழுப்பாக இருக்கிறதே, ஏதோ பருப்பு போல என்று எடுத்துவிடாதீர்கள். பில்லில் 'கொபெர்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ சேரும். அது ஏமாற்று இல்லை, வழக்கம்.

ஊருக்கு வாங்கிப் போக பான்ஃபோர்த்தே. பாதாம், தேன், பழத்தோல், கிராம்பு, பட்டை சேர்த்து இறுக்கிய கேக். பழைய வகையில் மிளகும் காரமாக இருக்கும். இடைக்காலத்து ஐரோப்பாவுக்கு மிளகு போனது மலபார்க் கரையிலிருந்து. பாட்டி செய்யும் சுக்கு மிட்டாய் ஞாபகம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பேராலயம்: முடியாத சுவரில் ஏறுங்கள்

கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட பேராலயம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். தனித்தனியாக டிக்கெட் எடுக்காமல் எல்லாம் சேர்ந்த 'ஓபா சி' பாஸ் எடுங்கள். தரையில் 56 பளிங்குப் படங்கள், 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 19 வரை தலைமுறை தலைமுறையாக இழைத்தவை. உள்ளே நிக்கோலா பிசானோவின் பிரசங்க மேடை, பின்துரிக்கியோ தீட்டிய பிக்கொலோமினி நூலகம். இவற்றைக் கைப்பிடித்துக் காட்ட வேண்டியதில்லை, தானே கண்ணில் விழும்.

வெளியே வலப்பக்கம் வந்தால் ஒரு விசித்திரம். கூரை இல்லாத, பிரம்மாண்டமான ஒற்றைச் சுவர். ஃப்ளாரன்ஸை மிஞ்ச வேண்டும் என்று 1339-இல் ஆலயத்தைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். இப்போதுள்ள ஆலயம் புதியதன் ஒரு குறுக்குக் கை ஆகியிருக்கும். கொள்ளைநோய் வந்தது, ஆள் இல்லை, பணம் இல்லை, 1357-இல் கைவிட்டார்கள். அந்த அரைகுறை ஆலயத்தின் ஒரு பக்கத்தை அடைத்துத்தான் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அதன் வழியாக அந்தச் சுவரின் உச்சிக்கு ஏறலாம். மாஞ்சியா கோபுரத்தைவிட இதுதான் நல்ல காட்சி, ஏனென்றால் மாஞ்சியாவும் காட்சிக்குள் வந்துவிடும்.

ஏறும் முன் அருங்காட்சியகத்தின் முதல் மாடியில், ஓவியர் துச்சோ மரப்பலகையில் தீட்டிய மாதா ஓவியம். 1311 ஜூன் 9 அன்று ஓவியர் பட்டறையிலிருந்து ஆலயத்துக்கு இதைக் கடைகளை அடைத்து, மணி முழங்க, ஊரே ஊர்வலமாக எடுத்துப் போனது. உற்சவர் புறப்பாடு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1771-இல் இதை அறுத்துப் பிரித்தார்கள். துண்டுகள் சில இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கின்றன.

பாலியோ பார்க்கிறவர்களுக்கு

ஓட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் விழா நாலு நாள். ஜூன் 29, ஆகஸ்ட் 13 தேதிகளில் குதிரைக்குக் குலுக்கல். எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்பது சீட்டுதான். ஓடுவது 10 பேட்டைகள்: போன ஆண்டு அதே மாதத்தில் ஓடாத 7, குலுக்கலில் 3. குதிரைக் குலுக்கலுக்குப் பிறகு ஆறு ஒத்திகை ஓட்டங்கள். முதன்முறை போகிறவர்களுக்கு என் யோசனை, ஒத்திகையைப் பாருங்கள். குதிரையும் அதே, பாட்டும் அதே, நெரிசல் பாதி. முந்தின நாள் இரவு ஓடும் பேட்டைகள் தெருவிலேயே நீள மேசை போட்டுப் பந்தி வைக்கும். சில பேட்டைகள் வெளியாருக்கும் இடம் விற்கும், முன்கூட்டிக் கேட்டு வாங்கலாம்.

ஓட்டத்தன்று மதியம் குதிரையைப் பேட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே கூட்டிப்போய் ஆசீர்வாதம் செய்வார்கள். "போ, வென்று திரும்பி வா" என்பார் பாதிரியார். குதிரை அங்கே சாணி போட்டால் நல்ல சகுனம். ஓரமாக நின்று பார்க்க இடம் கிடைத்தால் மூச்சு விடாமல் நில்லுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

சதுக்கத்தின் சுற்றில் இருக்கும் பலகணிகளுக்கும் மரப்படிகளுக்கும் நூற்றுக்கணக்கில் யூரோ. நடுத்திடல் இலவசம். மாலை மூன்று, நாலு மணிக்கே போய் நிற்க வேண்டும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்; குடை, முக்காலி, பெரிய பை வேண்டாம். கழிப்பறை கிடையாது, ஓட்டம் முடியும்வரை வெளியே வரவும் முடியாது. பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிப் போகாதீர்கள்.

பழங்கால உடையில் ஊர்வலம், கொடி வீச்சு, எருது பூட்டிய தேரில் பரிசான பட்டுத் திரை. அதெல்லாம் முடிந்து குதிரைகள் வந்தபின்தான் உண்மையான விஷயம். நிற்கும் வரிசையை ஒருவர் வாசிக்கத் தொடங்கியதும் பல்லாயிரம் பேர் கப்சிப். ஒரு பேர் வாசிக்க ஒரு மூலையில் உறுமல், அடுத்த பேருக்கு இன்னொரு மூலையில். ஒன்பது குதிரைகள் கயிறுகளுக்கு நடுவே. பத்தாவது வெளியே பின்னால் நிற்கும். அது பாய்ந்து உள்ளே வரும்போதுதான் கயிறு விழும். அந்தப் பத்தாவது ஜாக்கி கையில் ஊரே மாட்டிக்கொண்டிருக்கும். தன் பகைப் பேட்டை தப்பான இடத்தில் திரும்பி நிற்கும்வரை அவன் வர மாட்டான். ஜாக்கிகளுக்குள் ரகசியப் பேரம் நடக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இந்த இழுபறியே சில நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பொறுமை இழந்து போனைப் பார்க்கக் குனிந்தீர்களானால் முதல் சுற்று போய்விடும்.

மூன்று சுற்று, சேணம் இல்லை. ஜாக்கி விழுந்தாலும் குதிரை மட்டும் ஓடி வந்தால் வெற்றிதான். சான் மர்த்தீனோ வளைவில் சுவருக்கு மெத்தை கட்டியிருப்பார்கள். ஆளும் குதிரையும் விழும் இடம் அது. குதிரைகள் செத்ததும் உண்டு, அதற்காகவே இந்த விழாவை எதிர்ப்பவர்களும் உண்டு. மனம் இளகியவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கடையில் விற்கும் பேட்டைக் கைக்குட்டையை அழகாக இருக்கிறதே என்று கழுத்தில் கட்டிக்கொண்டு சுற்றாதீர்கள். அது எந்தப் பேட்டை, நீங்கள் நிற்பது எந்தத் தெரு என்பது உங்களுக்குத் தெரியாது. ஊர்வலமாக வரும் கூட்டத்துக்குக் குறுக்கே படம் எடுக்கப் பாயாதீர்கள். அவர்கள் உங்களுக்காக நடக்கவில்லை.

அன்று இரவு கடைசி பஸ்ஸை நம்பாமல் ஊரிலேயே தங்குங்கள். வென்ற பேட்டைக்காரர்கள் ஜூலையில் ப்ரொவென்சானோ ஆலயத்துக்கும், ஆகஸ்டில் பேராலயத்துக்கும் பட்டுத் திரையோடு ஓடுவார்கள். பின்னாலேயே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அழுதுகொண்டும் பாடிக்கொண்டும் வரும் அந்தக் கூட்டத்தில் மீசை வைத்த ஆண்கள் வாயில் குழந்தைகளின் ரப்பர் சூப்பானை வைத்துச் சப்பிக்கொண்டு போவதைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள். வென்ற பேட்டை அன்றைக்குத்தான் புதிதாகப் பிறந்திருக்கிறது.